பத்துப் பேர் தேடினால் பத்து மடங்கா?

ஒரு பொருளை ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை உலகுக்கெல்லாம் அறிவித்துவிட்டால் அது ஒளித்து வைத்ததாகுமா? ஆகும் என்கிறார்கள், ஜியோகேஷிங் என்னும் விளையாட்டில் ஈடுபடுவோர். ஜியோ என்றால் புவி. கேஷ் என்பது மறைத்து வைத்த பொருளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வெளியிடுவார். மற்றவர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியுடன் அதைத் தேடிச் செல்வார்கள். பெட்டியைக் கண்டவர் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு ஒளித்து வைக்கப்பட்டுள்ளன.

இவ்விளையாட்டுக்குப் பிறந்த தேதி உண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அமெரிக்க இராணுவத்துக்குச் சொந்தமானவை. பொதுமக்களுக்கு வரும் சைகையில் அந்நாட்டு அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் இடம் காட்டுவதில் நூறு மீட்டர் வரை தவறு நேரும். நூறு மீட்டர் தவறினால் கப்பலுக்குப் பாதகமில்லை; ஒரு வாளியைத் தேடுபவனுக்கு அது ஒரு காடு! 2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி இப்பிழை நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அன்று நள்ளிரவு முதல் கருவிகள் ஏறக்குறைய பத்து மடங்கு துல்லியம் பெற்றன. மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு அருகிலுள்ள பீவர்கிரீக் என்னும் ஊரில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் அவரைக் கொட்டை முதலியவற்றை இட்டு, குறிப்பேடும் பென்சிலும் வைத்து ஒளித்தார். வடக்கு 45 பாகை 17.460 கலை, மேற்கு 122 பாகை 24.800 கலை என்று இணையச் செய்திக் குழு ஒன்றில் அறிவித்தார். (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை.) மூன்று நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். முதலில் கண்டவர் மைக் டீக் என்பவர்.

தனியே தேடுவதைவிட நாலைந்து பேராக, குடும்பமாக, வகுப்பாகச் சேர்ந்து செல்வதே இவ்விளையாட்டில் இன்பம் என்பர். அப்படிச் செல்லும் குழுக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: பத்துப் பேர் சென்றால் பத்து மடங்கு எளிதில் கிடைத்துவிடும். இது உண்மையா என்பதை இயற்பியல் கண்ணோடு சற்றுப் பார்ப்போம்.

வானிலிருந்து வரும் கணக்கு

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. “நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது” என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து இச்செய்தி நம்மை அடைய 0.067 வினாடி ஆகும். இந்தக் காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் நம் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழையையும் கண்டுபிடித்தாக வேண்டும். எனவே நான்காவது ஒரு கோளும் தேவைப்படுகிறது. நேரக் கணக்கில் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தொலைவில் 300 மீட்டர் தவறிவிடும்.

இதை எழுதாமல் விட இயற்பியல் ஆசிரியனுக்கு மனம் வராது: ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, அவ்வுயரத்தில் உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி விரைவாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் நாளுக்குப் பதினொரு கி.மீ. அளவில் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

திறந்த வெளியில் ஒரு நல்ல கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். மரங்களின் கீழ் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. நம்மை வந்தடையும் சைகையின் திறன், ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. ஈர இலைகள் அதிலும் ஒரு பங்கை விழுங்கிவிடும். பாறையிலும் கட்டடச் சுவரிலும் மோதித் திரும்பி வரும் சைகை நீண்ட வழியில் வருவதால் தொலைவைக் கூட்டிக் காட்டும்.

கருவித் திரையில் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எண்கள் தோன்றுவதைக் கண்டு பலர் மயங்கிவிடுகிறார்கள். ஆரிகனில் அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர், கிழக்கு மேற்காக 1.3 மீட்டர் நகர்ந்ததாகப் பொருள். அவ்வளவு நுட்பமாக எண்ணைக் காட்டுவதாலேயே இடமும் அவ்வளவு நுட்பமாகத் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. அளவுகோலில் மில்லிமீட்டர்க் கோடுகள் இருக்கலாம். வளைந்த கோலால் அளந்தால் அக்கோடுகள் எதற்கு?

இன்னொன்றையும் மறக்கலாகாது. பெட்டியை ஒளித்தவரும் இதே போன்ற கருவியால்தான் அளந்தார். அவருடைய பிழை 5 மீட்டர், உங்களுடையது 5 மீட்டர் என்றால், மொத்தப் பிழை இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும்: சுமார் 7 மீட்டர். அந்த ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 154 சதுர மீட்டர், அதாவது நான்கு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அடர்ந்த மரங்களின் கீழ் இருவர் பிழையும் 15 மீட்டர் ஆனால், ஆரம் 21 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 35 சென்ட்! கருவி உங்களை அந்த நிலத்தின் வரப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அதற்கப்பால் கண்ணும் மூளையும்தான் துணை.

பத்துக் கருவிகள், ஒரே பிழை

குழுவினர் இங்கே ஒரு சூழ்ச்சி செய்ய நினைப்பார்கள். பத்துப் பேரும் ஓரிடத்தில் கூடி நின்று, பத்துக் கைப்பேசிகளின் அளவையும் சராசரி எடுத்தால் பிழை குறையாதா? பத்து அளவுகளைச் சராசரி எடுத்தால் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று புள்ளியியல் சொல்கிறதே என்பார்கள்.

புள்ளியியல் ஒரு நிபந்தனையும் சொல்கிறது. அப்பத்துப் பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருக்க வேண்டும். இங்கே நிலைமை வேறு. செயற்கைக்கோள்களின் சைகை நம்மை அடையுமுன் அயனி மண்டலத்தைக் கடந்து வருகிறது. அங்குள்ள எலெக்ட்ரான்கள் அதைத் தாமதப்படுத்துகின்றன. அருகருகே நிற்கும் பத்துப் பேருக்கும் இத்தாமதம் ஒன்றேதான். செயற்கைக்கோளின் கடிகாரத்திலும் பாதையிலும் எஞ்சியிருக்கும் சிறு பிழையும் அனைவருக்கும் பொது. பக்கத்துப் பாறையின் எதிரொலிப்பும் கருவியின் உள் இரைச்சலும் மட்டுமே ஆளுக்கு ஆள் மாறுபவை. ஆகவே சராசரியில் இவை குறையும். பொதுப் பிழை அப்படியே நிற்கும். ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்துப் பேர் மணி சொன்னால், சராசரியும் ஐந்து நிமிடம் தவறித்தானே இருக்கும்?

பொதுப் பிழையைக் குறைக்க வேண்டுமானால், காலத்தையோ வானத்தையோ மாற்ற வேண்டும். இரண்டு மணி நேரம் கழிந்தால் செயற்கைக்கோள்கள் வானில் வேறிடங்களுக்குப் போயிருக்கும். அயனி மண்டலமும் மாறியிருக்கும். பெட்டியை ஒளிப்பவர் ஒரே நாளில் பத்துமுறை அளப்பதைவிட, வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு வேளைகளில் மூன்று முறை அளந்து சராசரி வெளியிடுவது மேல்.

தேடும் குழு செய்யக்கூடியது வேறு. பெட்டிக்கு முப்பது மீட்டர் தொலைவிலேயே அனைவரும் நின்றுவிட வேண்டும். மரக் கிளைகள் மறைக்காத திறந்த இடங்களாகப் பார்த்து, மூவர் மூன்று பக்கங்களில் நின்று, கருவி எத்திசையைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம், காட்டுக்குள் நின்று அலைபாயும் ஒரு கருவியைவிட நம்பத்தக்கது. இதில் காந்த ஊசியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரிகனில் காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து சுமார் 15 பாகை கிழக்கே விலகியிருக்கிறது. இதை மறந்து நூறு மீட்டர் நடந்தால் 26 மீட்டர் பக்கவாட்டில் போய்விடுவீர்கள். காருக்கு அருகில் நின்று திசை பார்ப்பதும் வீண். அந்த இரும்பே ஊசியை இழுக்கும்.

கோடுகள் சந்திக்கும் இடம் தெரிந்ததும் கருவிகளைப் பையில் போட்டுவிடலாம். பிறகு ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பார்த்த பகுதியை, அவர் என்ன கண்டார் என்று கேளாமல், இன்னொருவர் மீண்டும் பார்ப்பது நல்லது. “அந்த மரப் பொந்தைப் பார்த்தாகிவிட்டது” என்ற சொல் பத்துப் பேரையும் அப்பொந்தைவிட்டு விலக்கிவிடும். முதலில் பார்த்தவர் கையை உள்ளே விட்டாரா, எட்டிப் பார்த்ததோடு நின்றாரா என்பது யாருக்கும் தெரியாது.

புறப்படுமுன்

ஒவ்வொரு பெட்டிக்கும் இரு மதிப்பெண்கள் தரப்படுகின்றன: கண்டுபிடிக்கும் கடினம் ஒன்று, போய்ச் சேரும் வழியின் கடினம் மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை. வழிக் கடினம் 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். 5 என்றால் தனிக் கருவியோ பயிற்சியோ வேண்டும். (2008இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வைத்த பெட்டிக்கும் 5தான்; அதற்குமேல் எண் இல்லை!) குழுவில் யார் மிக மெதுவாக நடப்பாரோ அவரை வைத்தே வழிக் கடினத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேடும் கடினத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் கால் சுளுக்காது.

நேரக் கணக்குக்கு நைஸ்மித் விதி உதவும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் கூறியது: ஐந்து கி.மீ. நடைக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி. எட்டு கி.மீ. வழியில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி ஆறு நிமிடம். அவ்வழியில் ஆறு பெட்டிகள் இருந்து, ஒவ்வொன்றையும் தேட இருபது நிமிடம் கொண்டால் மேலும் இரண்டு மணி. புதிய குழுக்கள் நடையைக் கணக்கிட்டு, தேடுவதை விட்டுவிடுகின்றன, திரும்பும்போது இருட்டிவிடுகிறது.

பொழுது எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரு கைக்கணக்கு உண்டு. கையை முழுதும் நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானில் ஏறத்தாழ பத்துப் பாகை. நம் ஊரில் சூரியன் செங்குத்தாகச் சாய்வதால் அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே ஒரு முஷ்டி இருந்தால் நாற்பது நிமிடம் இருக்கிறது. 45 பாகை அட்சரேகையில் உள்ள ஆரிகனில் சூரியன் சரிந்து இறங்குவதால், மார்ச், செப்டம்பர் மாதங்களில் அதே முஷ்டி ஒரு மணி நேரத்தைக் குறிக்கும். மேற்கே மலையிருந்தால் மலையுச்சியே அடிவானம்.

ஜி.பி.எஸ். வேலை செய்யக் கைப்பேசிக் கோபுரம் தேவை என்று பலர் எண்ணுகின்றனர். தேவையில்லை; கருவி வானிலிருந்து வருவதைக் கேட்கிறது, அவ்வளவே. ஆனால் கோபுரம் இருந்தால், செயற்கைக்கோள்களின் பாதை விவரம் நொடியில் கிடைத்துவிடும். இல்லாவிடில் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே பெற வேண்டும். அது வினாடிக்கு 50 பிட் என்னும் ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு கோளின் பாதை விவரம் முழுதாக வர முப்பது வினாடி. இடையில் ஒரு மரம் மறைத்தால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். எனவே காட்டுக்குள் நுழையுமுன் திறந்த வெளியில் கருவியை இயக்கி, இடம் தெரிந்த பின் நடக்கத் தொடங்குங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். குளிரில் மின்கலத்தின் திறன் குறையும். கைப்பேசியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம்விடப் பெரிது உயிர். 2018 ஜூன் மாதம் செக் நாட்டின் தலைநகர் பிராகில், நிலத்தடி வடிகால் ஒன்றினுள் பெட்டி தேடச் சென்ற குழுவினர் திடீர் மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. வடிகாலுக்குள் இருப்பவருக்கு மேலே மழை பெய்வது தெரியாது. ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. முழங்கால் ஆழ நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால், இரு கால்களையும் சுமார் 25 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளும். வேகம் 4 மீட்டரானால் அது 100 கிலோ. இத்தகைய இடங்களில் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதால் பயன் ஒன்றுமில்லை. வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரா என்பதே கேள்வி. மழைக் குறி இருந்தால் உள்ளே நுழைவதே கூடாது.

பெட்டியை ஒளிப்போருக்கும் கடமைகள் உண்டு. நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். தோண்டிப் புதைக்கலாகாது. இரண்டு பெட்டிகளுக்கிடையே 161 மீட்டராவது, அதாவது பத்தில் ஒரு மைல், இடைவெளி வேண்டும். உணவுப் பொருள் வைக்கலாகாது; விலங்குகள் மோப்பம் பிடித்துவிடும். (முதல் வாளியில் அவரைக் கொட்டை இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.) பெட்டியின் மேல் அது இன்னதென்று எழுதியிருக்க வேண்டும். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், கடைத்தெருவில் ஒளித்து வைத்திருந்த ஒரு சிறு பெட்டியை வெடிகுண்டென்று அஞ்சி, இராணுவ வல்லுநர்கள் வந்து தகர்த்தார்கள். ஊர் நடுவே பத்துப் பேர் புதரைக் கிளறினால் பார்ப்போருக்கு என்ன தோன்றும் என்பதையும் குழுத் தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்டதும் காணாததும்

திரும்பி வந்த பின், கண்டதை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். அதே சமயம் புதிரையும் உடைத்துவிடக் கூடாது. இதற்கு ஓர் எளிய சங்கேத முறை வழக்கில் உள்ளது. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறு. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்குப் பதின்மூன்று தள்ளியுள்ள எழுத்தை எழுதிவிடுவார்கள். பதின்மூன்றும் பதின்மூன்றும் இருபத்தாறு அல்லவா? ஆகவே மறுபடியும் ஒருமுறை அவ்வாறே மாற்றினால் பழைய சொல் வந்துவிடும். வேண்டியவர் மட்டும் முயன்று படித்துக்கொள்ளலாம்.

கண்டுபிடித்தவர்கள் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள். கிடைக்காதவர்கள் வெட்கப்பட்டு எழுதாமல் விடுகிறார்கள். உண்மையில் பின்னதுதான் பெட்டியின் சொந்தக்காரருக்கு மிகவும் பயன்படும் செய்தி. ஒரு பெட்டியைத் தேடி வருவோரில் பத்துக்கு ஒன்பது பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று கொள்வோம். அடுத்தடுத்து இருவர் கிடைக்கவில்லை என்று எழுதினால், பெட்டி இருந்தும் அப்படி நேர்வதற்கு வாய்ப்பு நூற்றில் ஒன்றே. மூவர் எழுதினால் ஆயிரத்தில் ஒன்று. பெட்டி காணாமற் போயிருக்கும் என்று சொந்தக்காரர் புறப்பட வேண்டியதுதான்.

இங்கும் அதே நிபந்தனை குறுக்கிடுகிறது. அம்மூவரும் தனித்தனியே, வேறு வேறு நாட்களில் வந்திருக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று வந்து, ஒரே பொந்தைவிட்டு விலகி, ஒரே புதரைச் சுற்றி, பத்துப் பேரும் “கிடைக்கவில்லை” என்று எழுதினால் அது பத்துச் சான்றாகாது, ஒன்றுதான். “இன்ன நேரத்தில் பத்துப் பேராக வந்தோம், இன்ன பக்கத்திலிருந்து அணுகினோம், பாறைக்குக் கீழ்ப்புறம் மட்டும் பார்த்தோம், மேற்புறம் பார்க்கவில்லை” என்று குழுவின் பெயரில் ஒரே குறிப்பு எழுதினால், அடுத்து வருபவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

பெட்டி எதுவும் இல்லாமலே இதை உங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோதிக்கலாம். நண்பர் ஒருவருடன் ஒரே வகைக் கைப்பேசிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் விமானப் பயண நிலையில் வைத்துவிட்டு (ஜி.பி.எஸ். அப்போதும் பெரும்பாலும் இயங்கும்), மாடியின் நடுவில் அரை மீட்டர் இடைவெளியில் வையுங்கள். காலை முதல் மாலை வரை அரைமணிக்கொருமுறை இரண்டும் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். பாகையைத் தசமத்தில் காட்டும் கருவியானால், ஐந்தாம் தசம இடத்தில் ஒன்று மாறுவது ஏறத்தாழ 1.1 மீட்டர். வரைபடத் தாளில் ஒரு கைப்பேசிக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் என்று புள்ளியிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரத்தைக் குறியுங்கள். உயரத்தில்தான் ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். பிறகு நேர வரிசைப்படி புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, சிவப்புக் கோடு வளையும்போது நீலக் கோடும் அதே பக்கம் வளைகிறதா என்று பாருங்கள்.